முப்பத்தெட்டு வயதுத் தேவயானி

தேவயானிக்கு எட்டு வயது. ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் காலை பதினோரு மணிக்கு, வலது முன்கை உடைந்து தொங்க, அவளைப் பெரியப்பா நாகேந்திரன் மோட்டார் சைக்கிளில் உட்காரவைத்துத் திருத்தணி மலையடிவாரத்துத் தர்ம ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தான். உடைந்த கையை இடது கையால் ஏந்திக்கொண்டு அவள் நடந்துவந்தாள். அழவில்லை. வெளியே காவடிக்காரர்களின் பம்பைச் சத்தம் காதைப் பிளந்தது. டாக்டர் மோகனப்ரியா குரலை உயர்த்தித்தான் கேட்க வேண்டியிருந்தது.

"எப்படி ஆச்சு?"

"மலைப் படியில வுழுந்துட்சுங்க டாக்டர். நாளைக்கு ஜனம் நெருக்கும்னு இன்னிக்கே சாமி பாக்க இட்டுனு போனேன்."

"எந்தப் படியில?"

"முந்நூத்தி அறுவத்தஞ்சு படி கீது. எதுல வுழுந்துச்சுன்னு எண்ணிக்கினா இருப்பாங்க?"

மோகனப்ரியாவுக்கு முப்பத்தொரு வயது. அரக்கோணத்திலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறவர். கைக்கு எக்ஸ்ரே எழுதிக் கொடுத்தார். கால்மணி நேரம் கழித்து எக்ஸ்ரே அறையிலிருந்து குமரவேல் இரண்டு படங்களுடன் வந்தான்.

"நீங்க கைக்கு மட்டுந்தான் எழுதினீங்க. சட்டையத் தூக்கினா முதுகு பூரா தடம். நானே நெஞ்சுக்கும் ஒண்ணு எடுத்துட்டேன். திட்டாதீங்க."

டாக்டர் திட்டவில்லை. படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டிவிட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். இடது காறை எலும்பு எப்போதோ உடைந்து, தானாகவே கோணலாகக் கூடியிருந்தது. இரண்டு விலா எலும்புகளில் புடைப்புகள். ஒன்று பழையது, இன்னொன்று அதைவிடப் பழையது. கை மட்டும் புதிது.

"இதெல்லாம் எப்ப நடந்தது?" என்று நாகேந்திரனைக் கேட்டார்.

"அதுவும் படிதாங்க."

"எல்லாம் ஒரே நாள்ல உடைஞ்சது இல்லையே."

"கிருத்திகைக்கு கிருத்திகை இட்டுனு போறோம். வேண்டுதல்."

"ஒவ்வொரு கிருத்திகைக்கும் விழுந்துடுதா?"

"அதுக்கு பக்தி ஜாஸ்திங்க. சாமியவே பாத்துகினு நடக்கும். கீழ பாக்காது."

இதைச் சொன்னபோது நாகேந்திரன் முகத்தில் ஒரு சிரிப்புக்கூட இல்லை. டாக்டர் அவனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் குழந்தையின் முதுகைப் பார்த்தார். தடங்கள் எல்லாம் ஒரே அளவு. ஒரு சாண் நீளம், இரண்டு முனையும் கூர்மை. இது என்ன பொருள் என்று அவருக்குப் பிடிபடவில்லை. பக்கத்தில் நின்ற நர்ஸ் கன்னியம்மாள் ஒரே பார்வையில் சொல்லிவிட்டார்.

"நாடாக்கட்ட டாக்டர். தறியில இந்தாண்ட அந்தாண்ட ஓடுமே, அது. எங்க வூட்லயும் தறி ஓடிச்சு. மலையில எங்கங்க நாடாக்கட்ட கீது?"

தேவயானியின் அப்பா ராஜேஷும் அம்மாவும் இரண்டு வருடங்களுக்கு முன் கனகம்மாசத்திரம் அருகே திருப்பதி சாலையில் லாரி மோதி இறந்துபோனார்கள். அதுவரை மணவூரில் இருந்தவளைப் பெரியப்பா தன் ஊருக்குக் கூட்டிவந்தான். ஆந்திர எல்லையை ஒட்டிய நெசவு ஊர் அது. அவன் வீட்டில் நான்கு விசைத்தறிகள். பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டுத் தார் சுற்ற உட்காரவைத்தான். தறியில் குறுக்கே ஓடும் ஊடை நூலைச் சின்னக் குழல்களில் சுற்றித்தரும் வேலை அது. நூல் அறுந்தால் அடி. நூல் அறாத நாளில் மெதுவாகச் சுற்றுகிறாள் என்று அடி. இதைக் கன்னியம்மாள் கட்டுப் போடும்போது ஒவ்வொரு வார்த்தையாகப் பிடுங்க வேண்டியிருந்தது.

மோகனப்ரியாவுக்குக் கல்லூரிப் பாடம் ஒன்று நினைவுக்கு வந்தது. எக்ஸ்ரே வந்து ஐம்பது வருடம் கழித்துத்தான் இப்படிப் பல வயது எலும்பு முறிவுகளை ஒரே குழந்தையிடம் கண்டு ஒரு டாக்டர் எழுதினாராம். அப்போதும் மற்ற டாக்டர்கள் இது ஏதோ எலும்பு வியாதி என்றே பேசிக்கொண்டிருந்தார்களாம். உடைந்த எலும்பைப் பார்த்தார்கள், உடைத்த கையைப் பார்க்கவில்லை. அது தெரிய இன்னும் பல வருடம் ஆனது. அந்த வகுப்பில் அவர் பாதி தூக்கத்தில் இருந்தார். இப்போது முழுதும் விழித்துக்கொண்டு, விபத்துப் பதிவேட்டில் நடந்ததை எழுதிப் போலீசுக்குத் தகவல் சொன்னார்.

ஸ்டேஷனில் எல்லோரும் மலைமேல் பந்தோபஸ்துக்குப் போயிருந்தார்கள். மிச்சம் இருந்தவர் ரைட்டர் தணிகைமணி. மத்தியானம் மூன்று மணிக்கு அவர் ஒரு லேப்டாப் பையுடன் வார்டுக்கு வந்தார். வயது முப்பத்தாறு. அடக்கமான மனிதர். எதிலும் தப்பு வந்துவிடக் கூடாது என்பதே அவருடைய கவலை. கட்டிலில் கால்கள் தரையைத் தொடாமல் உட்கார்ந்திருந்த தேவயானியைப் பார்த்து "அச்சச்சோ" என்றார். நாகேந்திரனிடம் குழந்தையின் ஆதார் கார்டை வாங்கி எண்ணைத் தட்டினார். பிறகு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர், இது குழந்தைங்க கேஸ் இல்லீங்க."

"ஏன்?"

"இவங்க ஆயிரத்தித் தொள்ளாயிரத்து எண்பத்தேழுல பொறந்தவங்க. முப்பத்தெட்டு முடிஞ்சிருக்கு."

டாக்டர் கார்டை வாங்கிப் பார்த்தார். 1987 என்றுதான் இருந்தது. ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பதற்காக அவசரத்தில் எடுத்த கார்டு. தட்டச்சு செய்தவர் 2017 என்பதை எப்படியோ அப்படி ஆக்கியிருந்தார். படத்தில் இரட்டைப் பின்னலுடன் தேவயானி மிரண்டுபோய்ப் பார்த்தாள்.

"இது தப்பா அடிச்சிருக்காங்க. நீங்களே பாருங்க, எதிர்ல உட்கார்ந்திருக்கா."

"எனக்குத் தெரியுது டாக்டர். பெட்டிக்குத் தெரியணுமே." லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். "நம்பரத் தட்டினா வயச அதுவே போட்டுக்கும். பதினெட்டுக்கு மேல போச்சுன்னா குழந்தைங்க பக்கத்தையே தொறக்காது. நான் இன்னா பண்றது?"

நாகேந்திரனுக்கு அந்த நிமிடம் வரை தான் கொண்டுவந்த கார்டில் இப்படி ஒரு பொக்கிஷம் இருப்பது தெரியாது. அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"ஆங், கரெட்டுதாங்க. அவங்களுக்கு முப்பத்தெட்டுதான். வளத்தி இல்ல. எங்க குடும்பத்துலயே எல்லாரும் குள்ளம்." நாகேந்திரன் ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு.

"இவ உங்க தம்பி பொண்ணுதானே? தம்பி எந்த வருஷம் பொறந்தாரு?"

"எண்பத்தாறுங்க."

"அப்போ அப்பாவுக்கும் பொண்ணுக்கும் ஒரு வருஷம் வித்தியாசமா?"

நாகேந்திரன் யோசித்தான். "தம்பிக்கு சீக்கிரமே கல்யாணம் ஆயிட்சுங்க" என்றான்.

தணிகைமணி தலையைச் சொறிந்தார். "அது சிவில் மேட்டர் டாக்டர். நம்ம அதுல போவ வேணாம்." கிளம்பும்போது மரியாதை தவறக் கூடாதென்று கட்டில் பக்கம் திரும்பி, "வரேங்க" என்று தேவயானிக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். அவள் சுற்றும்முற்றும் பார்த்தாள். தன்னைத்தான் கும்பிட்டார் என்பதை அவள் நம்பச் சற்று நேரம் ஆனது.

சாயங்காலம் டாக்டர் ஓர் உதவி எண்ணுக்குப் போன் செய்தார். விவரம் எல்லாம் கேட்ட பெண் கார்டு எண்ணை வாங்கிப் பார்த்துவிட்டு, இது பெரியவர்களுக்கான பிரிவு என்று வேறு இடத்துக்கு மாற்றிவிட்டாள். அந்த இடத்தில் இருந்தவர் மிகுந்த பரிவோடு கேட்டார்: "பாதிக்கப்பட்டவங்களுக்குக் கல்யாணம் ஆகி எத்தனை வருஷம் ஆச்சு மேடம்? மாமியார் கூட இருக்காங்களா?"

மோகனப்ரியா போனை வைத்துவிட்டார். அப்புறம் குமரவேலைக் கூப்பிட்டு, குழந்தையின் இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். மணிக்கட்டில் எத்தனை எலும்புகள் உருவாகியிருக்கின்றன, வளரும் முனைகள் மூடியிருக்கின்றனவா என்று பார்த்து வயதைச் சொல்லலாம். மறுநாள் காலை அறிக்கை தயார்: ஏழுக்கும் ஒன்பதுக்கும் இடையில்.

அன்று ஆடிக் கிருத்திகை. காவடிக் கூட்டத்தைத் தாண்டி ஆஸ்பத்திரிக்கு வந்துசேரத் தணிகைமணிக்கு ஒரு மணி நேரம் ஆனது. சட்டை நனைந்து, நெற்றியில் யாரோ பூசிவிட்ட விபூதியோடு வந்தவர், அறிக்கையை நின்றபடியே இருமுறை படித்தார்.

"இது எலும்போட வயசுங்க டாக்டர்."

"ஆமா."

"எனக்கு வேண்டியது ஆளோட வயசு."

"எலும்புக்கு எட்டுன்னா ஆளுக்கும் எட்டுதானேங்க!"

"கார்டு ஆளுக்குக் குடுத்தது. எலும்புக்குத் தனியா கார்டு இல்லியே. நாளைக்கு ஆடிட்ல கேட்டா நான் இன்னா சொல்றது?" அவர் சண்டைக்காகச் சொல்லவில்லை. உண்மையாகவே வருத்தப்பட்டார். "அப்போ ஒண்ணு பண்றேன். அவங்களையே விசாரிச்சுக் குறிப்பு எழுதிக்கறேன்."

நாற்காலியைக் கட்டிலுக்கு அருகில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கார்டுப்படி தன்னைவிட இரண்டு வயது மூத்தவரிடம் எப்படிப் பேசுவது என்று கொஞ்சம் தடுமாறிவிட்டு, "அக்கா" என்று ஆரம்பித்தார்.

"உங்க பேரு சொல்லுங்க."

தேவயானி வாயைத் திறந்தாள். மேல்வரிசையில் இரண்டு நாளாக ஆடிக்கொண்டிருந்த பல் ஒன்று விழுந்து, அவருடைய கோப்பின் மேல் உருண்டது.

எல்லோரும் அதைப் பார்த்தார்கள். அரிசிமணியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

"பாருங்க!" என்றார் டாக்டர். "பால்பல்! இதுக்கு மேல என்ன வேணும்? ஒரு காலத்துல சீமையில மில்லு வேலைக்கு வர்ற பிள்ளைங்க வயச பல்லப் பார்த்துத்தான் முடிவு பண்ணாங்க. நீங்களும் எழுதிக்கங்க."

தணிகைமணி எழுதினார். எழுதி முடித்ததும் படித்தும் காட்டினார்: "விசாரணையின்போது மேற்படியாருக்குப் பல் ஒன்று தானாக விழுந்தது. வயது மூப்பு காரணமாக இருக்கலாம்."

கன்னியம்மாள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். சிரிக்கப் போனாரா அழப் போனாரா என்று சொல்ல முடியவில்லை.

மூன்றாம் நாள் காலை நாகேந்திரன் தெம்பாக வந்தான். புதுச்சட்டை போட்டிருந்தான். டிஸ்சார்ஜ் கேட்டான்.

"அதான் கேசு இல்லன்னு ஆயிட்சே. வூட்டாண்ட பாத்துக்கறோம். ரெண்டு தறி சும்மா நிக்குது."

டாக்டருக்கு அவனைத் தடுத்துவைக்க வழி ஒன்றும் தெரியவில்லை. பாரத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். 'நோயாளியின் கையொப்பம். நோயாளி பதினெட்டு வயதுக்கு உட்பட்டவராயின் பாதுகாவலர் கையொப்பம்' என்று அடியில் அச்சிட்டிருந்தது. நாகேந்திரன் பேனாவை எடுத்துக்கொண்டான். அந்த வரியை மோகனப்ரியா இங்கே வேலைக்கு வந்த நான்கு வருடத்தில் ஆயிரம் முறை பார்த்திருப்பார். அன்றைக்குத்தான் படித்தார்.

"நில்லுங்க. நீங்க எதுக்குக் கையெழுத்து போடறீங்க?"

"நான்தான காடியன்."

"பதினெட்டுக்குக் கீழ இருந்தாதான் கார்டியன். இவங்களுக்கு முப்பத்தெட்டு. நீங்கதானே சொன்னீங்க, வளத்தி இல்லன்னு? அவங்க கையெழுத்துப் போடணும். அவங்களுக்கு இஷ்டம்னாதான் போகலாம். இஷ்டம் இல்லாம ஒரு பொம்பளைய நீங்க இட்டுனு போனா அதுக்குப் பேரு கடத்தல்."

நாகேந்திரன் பேனாவைக் கீழே வைத்தான். டாக்டர் கட்டிலுக்குப் போய்த் தேவயானிக்கு எதிரே குனிந்தார். வார்டில் இருந்த மற்ற நோயாளிகளும் திரும்பிப் பார்த்தார்கள்.

"தேவயானி, இங்க பாரு. பெரியப்பா கூப்பிடறாரு. நீ போறியா, இருக்கியா? நீ சொல்றதுதான்."

அவளிடம் இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. இதற்குப் பின்னால் ஒரு அடி ஒளிந்திருக்குமோ என்று தேடுபவள்போல டாக்டரின் கைகளைப் பார்த்தாள். அப்புறம் கதவோரம் நின்ற நாகேந்திரனின் கைகளைப் பார்த்தாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, "வா கண்ணு" என்றான். அந்தக் 'கண்ணு' அவளை மிகவும் பயமுறுத்தியிருக்க வேண்டும். கட்டில் கம்பியை இடது கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"போவல" என்றாள்.

சின்னக் குரல்தான். ஆனாலும் கடைசிக் கட்டில் வரை கேட்டது.

தணிகைமணிக்குப் போன் போனது. அவர் வந்ததும் டாக்டர் நின்றபடியே சொன்னார்: "மேஜர் ஆன ஒரு பெண்மணி, தன் கையை ஒருத்தர் உடைச்சிட்டாருன்னு புகார் குடுக்கறாங்க. எலும்பு முறிவு, கொடுங்காயம். நான் சான்றிதழ் தரேன். பதிவு பண்ண முடியாதுன்னு எழுதிக் குடுங்க, நான் வாங்கிக்கறேன்."

தணிகைமணி முகத்தில் மூன்று நாளில் முதன்முறையாக ஒரு வெளிச்சம் வந்தது. "அய்யோ டாக்டர், இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே! பெரியவங்க பக்கம் தொறந்துதான கீது!" லேப்டாப்பை விரித்தார். "அக்கா, சொல்லுங்க. தொழில் இன்னா?"

"தார் சுத்தறது."

"படிப்பு?"

"ஒண்ணாவது பாஸு. ரெண்டாவது போவவுடல."

"முதியோர் கல்வி... இடைநிறுத்தம்." தட்டினார். "அடிச்சது யாரு?"

"பெத்தநைனா." அந்த எல்லை ஊரில் பெரியப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"எதால?"

"நாடாக்கட்டையால."

"எதுக்கு?"

தேவயானி கொஞ்சம் யோசித்தாள். "எதுக்குன்னு தெர்ல. நான் தூங்கிட்டேன். அப்பால எழுந்தப்போ அடிச்சாரு."

தணிகைமணியின் விரல்கள் நின்றுவிட்டன. அவருக்கு வீட்டில் ஒரு மகள் இருந்தாள். இரண்டாவது படிக்கிறாள். அவர் அடுத்த கேள்வியைக் கேட்காமல், தட்டியதை ஒருமுறை மேலிருந்து கீழே படித்தார். அக்கா என்று அதற்கப்புறம் கூப்பிடவில்லை. அச்செடுத்துவந்த தாளை அவள் மடியில் அட்டை வைத்துக் கொடுத்தார். வலது கை மாவுக்கட்டில் இருந்ததால் இடது கையால் எழுதினாள். 'தே' பெரிதாகவும் மற்ற எழுத்துகள் போகப்போகச் சிறிதாகவும், 'னி' தாளின் ஓரத்தில் இடமில்லாமல் மேலே ஏறியும் போனது.

மத்தியானத்துக்குள் நாகேந்திரன் மேல் வழக்குப் பதிவானது. அவன் ஸ்டேஷனுக்குப் போய்க் குதித்தான். டாக்டர் அங்கே இல்லை. தணிகைமணிதான் பிறகு விவரமாகச் சொன்னார்.

"இன்னா சார் அநியாயம் இது! அது பச்சக் கொழந்த சார்! அதுக்கு இன்னா தெரியும்? அத்தும் பேச்சக் கேட்டு என்மேல கேசு போட்றீங்களே!"

"முப்பத்தெட்டு வயசுன்னு நீதான சொன்ன?"

"கார்டுல தப்பா அடிச்சிட்டான் சார். எட்டு வயசு சார் அதுக்கு! எட்டு! கொழந்த சொல்றது செல்லாதுன்னு வக்கீலு சொல்றாரு."

"வாயால சொன்னா செல்லாதுப்பா. காயிதம் வேணும்."

நாகேந்திரன் மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு ஊருக்குப் போனான். பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்திருந்த அசல் பிறப்புச் சான்றிதழை எடுத்தான். வக்கீல் சொன்னதை நன்றாகப் புரிந்துகொண்டவன்போல, மணவூர்ப் பள்ளியிலிருந்து வாங்கி வைத்திருந்த மாற்றுச் சான்றிதழையும் சேர்த்துக்கொண்டான். இரண்டு மணி நேரத்தில் திரும்பிவந்து இரண்டையும் தணிகைமணியின் மேசைமேல் அடித்து வைத்தான்.

"படிச்சுப் பாரு சார். ரெண்டாயிரத்துப் பதினேழு. நல்லா பாரு!"

தணிகைமணி நன்றாகப் பார்த்தார். மூன்று நாளாக எல்லோரும் தேடிக்கொண்டிருந்த காகிதங்கள் அவை.

"அவங்க... அந்தப் பொண்ணுக்கு எட்டு வயசுதான்னு நீ உறுதியா சொல்ற?"

"சத்தியமா சார்."

"எழுதிக் குடு."

நாகேந்திரன் எழுதிக் கொடுத்தான். தன் தம்பி மகள் தேவயானிக்கு எட்டு வயதே ஆகிறது என்றும், தாய் தந்தை இறந்தபின் இரண்டு வருடமாகத் தன் பொறுப்பிலேயே வளர்கிறாள் என்றும், தறி வேலைக்குத் தான்தான் பழக்கினான் என்றும், வேறு யாரும் அவளை வைத்துக்கொள்ளவில்லை என்றும் தெளிவான கையெழுத்தில் எழுதிக் கீழே கையொப்பம் இட்டான். குழந்தையைத் தன் பாதுகாப்பில் வைத்துக் கொடுமை செய்தது என்ற பிரிவுக்கும், சிறுமியை வேலைக்கு வைத்தது என்ற பிரிவுக்கும் வேண்டிய அத்தனையும் அந்த ஒரு தாளில் இருந்தது. அன்று சாயங்காலமே அவனை ரிமாண்ட் செய்தார்கள். ஜீப்பில் ஏறும்போதும், "கொழந்தன்னு நிரூபிச்சிட்டேனே சார், அப்புறம் எதுக்கு சார்?" என்று கேட்டுக்கொண்டே ஏறினானாம்.

மறுநாள் தேவயானியைத் திருவள்ளூரில் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். டாக்டர், கன்னியம்மாள், சாதாரண உடையில் தணிகைமணி, மூவரும் அவளைப் புறநகர் ரயிலில் கூட்டிப்போனார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்தவள் அரக்கோணம் தாண்டியதும் எழுந்து நின்றாள். மணவூரில் வண்டி நின்றபோது, "எங்க வூடு அந்தப் பக்கம்" என்று மாவுக்கட்டுக் கையால் காட்டினாள். "சின்னம்மா கீறாங்க."

"உனக்குச் சின்னம்மா இருக்காங்களா? ஏன் நீ சொல்லல?" என்று கேட்டார் டாக்டர்.

"யாரும் கேக்கல."

வண்டி நகர்ந்தது.

குழுவின் தலைவர் கௌரியம்மாள். ஐம்பது வயதைத் தாண்டியவர், மூக்கின் நுனியில் கண்ணாடி. தணிகைமணி கோப்பை நீட்டினார். நாற்பத்துமூன்று பக்கம். கார்டு நகல், எலும்பு அறிக்கை, பல் பற்றிய குறிப்பு, உறையில் போட்டு முத்திரை வைத்த பல், பெரியவர் என்ற முறையில் தந்த புகார், சிறியவர் என்பதற்கு எதிரி தந்த வாக்குமூலம், வயதைத் திருத்தக் கோரும் கடிதம். கௌரியம்மாள் முதல் பத்துப் பக்கங்களைப் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றினார்.

"மூணு நாளா என்ன பண்ணீங்க?"

"வயசு தெரியாம இருந்துச்சுங்க மேடம்."

அவர் ஒரு புத்தகத்தை எடுத்துப் பக்கத்தைத் திருப்பி வைத்தார். "சிறார் நீதிச் சட்டம், தொண்ணூத்தி நாலாவது பிரிவு. மொத வரிய சத்தமாப் படிங்க."

தணிகைமணி திணறித் திணறிப் படித்தார். முன்னால் நிறுத்தப்படுபவரின் தோற்றத்தைப் பார்த்தாலே குழந்தை என்று தெரிந்தால், ஏறக்குறைய இன்ன வயது என்று குறித்துக்கொண்டு, மேற்கொண்டு எந்த உறுதிக்கும் காத்திராமல் ஆகவேண்டியதைச் செய்ய வேண்டும் என்று அதில் இருந்தது.

"எங்கிட்ட அன்னைக்கே கூட்டிட்டு வந்திருந்தா அரை நிமிஷம் ஆயிருக்கும். யாராவது இந்தப் பொண்ணப் பாத்தீங்களா?"

"ஃபைலப் பாத்தோம் மேடம்."

கௌரியம்மாள் தேவயானியைப் பார்த்தார். பல் போன இடத்தில் நாக்கை விட்டுத் துழாவிக்கொண்டு, மிகப் பெரிய நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். ஒரு வெள்ளைத்தாளில் 'குழந்தை. வயது சுமார் எட்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு, "அப்பிடியே சாஞ்சு உட்காரு கண்ணா, முதுகு வலிக்கும்" என்றார்.

தேவயானி சாய்ந்தாள். முதுகு நாற்காலியில் பட்டதும் சட்டென்று முன்னால் வந்துவிட்டாள். நான்கு நாட்களாக அவள் எதிலும் சாயவே இல்லை என்பது மோகனப்ரியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. தடங்களை எண்ணினார், அளந்தார், படம் எடுத்தார், ஒரு தலையணை வைக்கத் தோன்றவில்லை. கன்னியம்மாள் தன் சால்வையை மடித்து முதுகுக்கு அண்டை கொடுத்தார். அதில் மெல்லச் சாய்ந்த பிறகுதான் குழந்தை அழ ஆரம்பித்தாள். கை உடைந்தபோது, கட்டுப் போட்டபோது, பல் விழுந்தபோது அழாதவள், கால்மணி நேரத்துக்கு மேல் அழுதாள். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. கௌரியம்மாள் அடுத்த வழக்கைக் கொஞ்சம் பொறுத்துக் கூப்பிடச் சொன்னார்.

முதல் இரண்டு மாதம் ஒரு காப்பகத்தில் இருந்தாள். மணவூர் சின்னம்மா அனிதாவை விசாரித்து, வீட்டைப் பார்த்து, அக்கம்பக்கத்தைக் கேட்டுக் குழு திருப்தியடைந்த பிறகு குழந்தையை அவளிடம் ஒப்படைத்தார்கள். அனிதாவுக்குத் தங்கை மாதிரி இருந்த அக்கா மகளை இரண்டு வருடமாக நாகேந்திரன் கண்ணில் காட்டவே இல்லையாம். அனிதா பார்க்கப் போகும்போதெல்லாம் "பள்ளிக்கூடம் போயிருக்கா" என்பானாம். அவன் இப்போது ஜாமீனில் இருக்கிறான். வழக்கு நடக்கிறது. அவனுடைய வக்கீல் குழந்தையின் வயதைப் பற்றி ஒன்றும் பேசுவதில்லை. நான்கு தறியில் இரண்டை விற்றுவிட்டதாகக் கேள்வி. தணிகைமணி அந்தப் பிரிவின் முதல் வரியைப் பெரிய எழுத்தில் அச்செடுத்துத் தன் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறார். வருகிறவர்கள் என்னவென்று கேட்டால் எழுந்து நின்று படித்துக் காட்டுகிறார்.

தேவயானியின் கை கூடிவிட்டது. லேசாக ஒரு வளைவு மட்டும் நின்றுவிட்டது. தாமதமாகச் சேர்ந்தாலும் மணவூர்ப் பள்ளியில் வயதைப் பார்த்து மூன்றாம் வகுப்பில் எடுத்துக்கொண்டார்கள். தை மாதத்தில் ஒருநாள் அனிதா டாக்டருக்குப் போன் செய்து, கவலையும் பெருமையும் கலந்த குரலில் சொன்னாள்:

"டீச்சர் என்ன கூப்ட்டு அனுப்பினாங்க மேடம். இவ கிளாஸ்ல ஓயாம பேசிகினே இருக்காளாம். பக்கத்துல இருக்கறவங்களையும் பேச வெச்சுடறாளாம். சொன்னா அடங்கறதே இல்லியாம். நான் இன்னா பண்ணட்டும்?"

"ஒண்ணும் பண்ணாதீங்க" என்றார் மோகனப்ரியா.

போனை வைத்துவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.